செவ்வந்தி விழுந்த நாள்

புரட்டாசி மாசம் ரெண்டாவது புதன்கிழமை காலைல, எங்க எதிர்வீட்டுக் கோகிலவாணி கையிலருந்து ஒரு பால் டம்ளர் நழுவிச்சுங்க, இடுப்பு உசரத்துலருந்து தரைக்கு வந்துச்சு, வந்த வேகத்துல தகடாத் தட்டையாப் போச்சு, பாலு கூரை வரைக்கும் தெறிச்சுது. அன்னையிலருந்து எங்க ஒட்டங்காட்டுப்புதூர்ல எது விழுந்தாலும், சாண் உசரத்துலருந்து விழுந்தாலும், ஒரு பனைமர உச்சிலருந்து விழுந்த அடிதான் விழும். சாவி விழுந்தாலும் அதேதான், சீப்பு விழுந்தாலும் அதேதான். ஏன்னு கேக்காதீங்க. கேக்கறதுக்குன்னே மெட்ராஸ்லருந்து ரெண்டு ஜீப்புல ஆளுங்க வந்தாங்க, பொட்டியத் தொறந்து ஒரு கருவிய வெளிய எடுத்தாங்க, அது கைதவறி விழுந்துச்சு, மிச்சத்தைக் கூட்டி அள்ளிக்கிட்டு ஆளுக்கு மூணு டீ குடிச்சுப்போட்டுப் போய்ட்டாங்க.

ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிட்டா எல்லாம் பழையபடிதான், கல்லுக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் பனை. எங்க சனம் ரெண்டு நாள் பயந்தாங்க, மூணாவது நாள் எரிச்சல்பட்டாங்க, நாலாவது நாள் பழகிட்டாங்க. டம்ளருக்கெல்லாம் நூல் கட்டி மணிக்கட்டுல மாட்டிக்கிட்டோம், புளியமரத்துக்கடியில வலை விரிச்சோம், தொப்புன்னு உக்கார்ற ஆம்பளைங்க எல்லாம் புதுப்பொண்ணாட்டம் மெல்ல மெல்ல உக்காரக் கத்துக்கிட்டாங்க, ஆடுக வேலி தாண்டறத அதுகளாவே நிறுத்திக்கிச்சுக. டவுன் பஸ் கண்டக்டரு கல்லு வந்ததும் விசில் ஊதி, "புதூர் வந்தாச்சு, படியிலருந்து குதிக்காதீங்க, கயித்தப் புடிச்சு எறங்குங்க"ன்னு சத்தம் போடுவாரு. ஐப்பசி முகூர்த்தத்துல அட்சதை விழுந்து ஒரு மாப்பிள்ளைக்கு நெத்தியெல்லாம் தடிச்சுப்போச்சு, அதுலருந்து நாங்க அரிசிய வீசறதில்ல, வரிசையில நின்னு ஒவ்வொருத்தரும் பொண்ணு மாப்பிள்ளை உள்ளங்கைல வெச்சு வாழ்த்தறோம், அது பாக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு. நடக்கறதுக்கு ஒண்ணும் ஆகல. காலு பூமிய விடாத வரைக்கும் பூமி நம்மள ஒண்ணும் சொல்றதில்லீங்க.

நல்லதும் நடந்துச்சு, அதையும் சொல்லணுமல்ல. சிதறுகாய்க்கு ஓங்கவே வேண்டாம், விரலை விட்டாப் போதும், பிள்ளையாரு முன்னால தூள்தூளாயிரும். மாரப்பன் கடையில டீ ஆத்தினா, கைக்கும் கைக்கும் நடுவுல ஒரு முழந்தான் இருக்கும், ஆனா டீ பனை உச்சிலருந்து எறங்கின வேகத்துல நுரை கட்டிக்கும், நாமக்கல்லருந்து காரு போட்டு வந்து குடிச்சுட்டுப் போனாங்க. அப்படி ஒரு டீ உங்க ஊர்ல இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்.

நான் பெருமை பேசறேன்னு நெனச்சா நெனச்சுக்குங்க. எம்பேரு சுந்தராம்பாள், பொம்பளப் புள்ளைங்க மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல இயற்பியல் லேபுக்கு அட்டெண்டரு, இருபத்திரெண்டு வருசமா. ஊசல் குண்டு தொடைக்கறது, ஸ்பிரிங் எண்றது, சாவிய இடுப்புல சொருகறதுதான் என் வேலை. ஆனா இருபத்திரெண்டு வருசம் கதவோரமா நின்னு அதே பாடத்தைக் கேட்டா, கல்லுக்குக் கூடக் காது மொளைக்கும். எனக்கும் மொளைச்சுது.

எங்கூரு கோழிப்பண்ணை ஊருங்க. நாலு பண்ணை, கணக்கில்லாத கோழி, கூண்டுல கோழி முட்டை போட்டா அது சாண் உசரத்துலருந்து கம்பித் தட்டுல விழும். சாண் உசரம் பனை உசரமாப் போனா என்ன ஆகும்? மொத வாரம் ஒரு முட்டை கூடத் தேறல. மஞ்சக்கரு ஓடை மாதிரி ஓடிச்சு, ஊர்ப் பூனைங்க எல்லாம் நடக்க முடியாமப் பெருத்துப்போச்சு. அப்பத்தான் கோகிலவாணி, பண்ணைக் கொட்டாயில முட்டை அடுக்கற பதினாலு பொம்பளைங்களுக்கு அவதான் மேஸ்திரி, வீட்டு வீடாப் போய்ப் பழஞ்சேலையா வாங்கிட்டு வந்து, கோழிங்க காலுக்குக் கீழ நீட்டு நீட்டமாத் தொய்வாக் கட்டினா. முட்டை விழும், சேலை அது கூடவே கீழ போகும், மெல்ல நிக்கும். உடையல. நான் ஓடிப்போய்ப் பாத்தேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "ஏ கோகிலா, முட்டை நிக்கறதுக்கு நேரம் குடுத்திருக்கறே புள்ள! நேரம் நீண்டா அடி கொறையும், இது பதினொண்ணாம் வகுப்புப் பாடம்"ன்னேன். அவ சொன்னா, "எனக்கென்னக்கா தெரியும், நான் எட்டாவது. புள்ளைய ஏணையில போடற மாதிரி முட்டையப் போட்டேன்." மறுவாரம் கேரளாவுக்கு லாரி கெளம்புச்சு, தெருவே நின்னு கையாட்டினோம்.

ஆனா கோகிலவாணிக்கு அந்தச் சந்தோசம் நெலைக்கல. அவளுக்கு ஒரு பொட்டப்புள்ள, செவ்வந்தி, டம்ளர் விழுந்த அன்னைக்குப் பத்து மாசம், அப்பத்தான் செவுத்தப் புடிச்சு எந்திரிச்சு நின்ன புள்ள. நடக்கக் கத்துக்கற புள்ள ஒரு நாளைக்கு எத்தன தடவை விழும்? பெத்தவங்களைக் கேளுங்க. நாப்பது தடவை விழும், நாப்பதும் பனை. அந்தப் புதன்கிழமையிலருந்து கோகிலா புள்ளையக் கீழ விடல. இடுப்புல சேலை போட்டுக் கட்டிக்கிட்டா, கட்டிக்கிட்டே சமைச்சா, கட்டிக்கிட்டே முட்டை அடுக்கினா, தூங்கறப்ப தரையில பாய விரிச்சு நாலு பக்கமும் ஆளு படுத்தோம். எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட கூட்டிட்டுப் போய் நடக்கப் பழக்கலாம்னா, நடக்கத் தெரிஞ்ச புள்ளையுந்தான் அஞ்சு வயசு வரைக்கும் விழுந்துக்கிட்டே இருக்கும், வீட்டுக்கு வந்துதானே ஆகணும்? சேலையக் கட்டி அது மேல விடலாம்னா, ஏணையில நடக்க முடியுமா? கார்த்திகை மாசம் டாக்டரம்மா காலைத் தொட்டுப் பாத்துட்டு, "இப்படியே தூக்கி வெச்சிருந்தா காலுல பலம் ஏறாதும்மா"ன்னுட்டாங்க. ஊர்ல அப்படி எந்திரிச்சு நிக்கற பருவத்துல மொத்தம் ஆறு புள்ளைங்க.

கோகிலா புருசன் பூபதி முட்டை லாரி ஓட்டறவன், நல்ல பையன், கோவம் மட்டும் மூக்கு மேல. ஒரு நாள் சாயங்காலம் வாசல்ல நின்னு சத்தம் போட்டான், தெருவே கேட்டுச்சு.

"இந்த ஊர்ல புள்ள வளக்க முடியாது கோகிலா. திருப்பூர்ல எங்கண்ணன் வீடு பாத்து வெச்சிருக்கான், கெளம்பு."

"நான் வரலீங்க மாமா."

"ஊரா புள்ளையா, எது உனக்குப் பெருசு?"

"ரெண்டுந்தானுங்க. நான் போனா அடுத்த வாரம் கைப்புள்ளக்காரி இன்னொருத்தி போவா, அப்பறம் இன்னொருத்தி. பொறவு இந்த ஊர்ல யாரு இருப்பாங்க, கெழடுகளும் கோழிகளுமா? சேலை கட்டி நிறுத்துன ஊரு மாமா இது. நான் நிறுத்துனது."

பூபதி சொன்னான், "மார்கழில வீடு மாத்தக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுது. தை ஒண்ணாந்தேதி பொங்கல் வெச்ச கையோட வண்டிய வாசல்ல நிறுத்துவேன். அதுக்குள்ள எம்புள்ள இந்த மண்ணுல விழுந்து முழுசா எந்திரிச்சுட்டா, நான் வாயே தொறக்கல. இல்லைன்னா ஏறிடணும்."

"சரீங்க"ன்னா கோகிலா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. நான் எதிர்வீட்டுல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

மறுநாளே லேபைத் தொறந்து அவளை வரச் சொன்னேன். இயற்பியல் டீச்சர் வேலை ரெண்டு வருசமாக் காலி, சாவி என் இடுப்புல, கேக்க ஆளில்ல. மத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல முட்டையப் பொதிஞ்சு கீழ போட்டுப் பாக்கற பரிசோதனைக்கு மொட்டை மாடி ஏறணும்; எங்களுக்கு மேசை விளிம்பு போதும், விரலால ஒரு தள்ளு. அப்படி ஒரு லேபு ஒலகத்துல வேற எங்க இருக்குது? சாயங்காலம் சாயங்காலம் பரிசோதனை. இலவம்பஞ்சைக் குமிச்சுப் போட்டோம், முட்டை அதுல பொதக்குன்னு இறங்கி அடியில சிமெண்டுல போய் முட்டிக்கிட்டு உடைஞ்சுது. லாரி ட்யூப்ல காத்தடிச்சு வெச்சோம், அது முட்டையத் தூக்கி எறிஞ்சுது, எறிஞ்சது மறுபடி பனையா வந்து விழுந்துச்சு, மறுபடி எறிஞ்சுது, பதினோரு தடவை குதிச்சுட்டுத்தான் உடைஞ்சுது, நாங்க ரெண்டு பேரும் தலைய மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்துட்டே நின்னோம். உமி நல்லாத் தாங்குச்சு. ஆனா கோகிலா மொறைச்சா. "எம்புள்ளைய உமிக்குள்ள முக்கச் சொல்றீங்களா அக்கா? மூச்சு முட்டிப்போயிரும்." அதுவும் சரிதான்.

முட்டை அட்டையும் போட்டுப் பாத்தோமுங்க. முப்பது குழி அட்டை, பண்ணைக் கொட்டாயில மலையாக் கெடக்குது, கேரளாவுலருந்து காலியாத் திரும்பி வர்றது. கோகிலா ஒரு கட்டு கொண்டாந்து வெச்சா, நான் முட்டையத் தள்ளினேன், சளக்குன்னு உடைஞ்சுது, அட்டைல ஒரு கீறல் இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. நோட்டுல "அட்டை: தேறாது"ன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் கோட்டை நெனச்சா இன்னைக்கும் என் கையை நானே கிள்ளிக்குவேன்.

மார்கழி இருபத்திநாலு. லாரில முட்டை ஏத்திக்கிட்டு இருந்தாங்க. புரட்டாசிலருந்து ஒரு அடுக்கு கூட அவங்க விழ விட்டதில்ல, கயிறு கட்டித்தான் ஏத்துவாங்க. அன்னைக்குச் செவ்வந்தி இடுப்புலருந்து திமிறினா, காலை ஒதறிக் கீழ விடு கீழ விடுன்னு அழுதா, அவளைப் புடிக்கப் போன கோகிலாவோட இடுப்பு பட்டு பத்து அட்டை அடுக்கு ஒண்ணு பலகையிலருந்து நழுவி, நின்ன வாக்குலயே தரைக்கு வந்துச்சு. பதினாலு பேரும் ஐயோன்னாங்க. கீழ மூணு அட்டை முட்டையோட சப்பளிஞ்சு போச்சு, எல்லாரும் தலைல கை வெச்சுக்கிட்டு அந்தத் தொண்ணூறு முட்டையத்தான் பாத்தாங்க. கோகிலா மட்டும் மண்டி போட்டு மேல இருந்த ஏழு அட்டையப் பாத்தா. ஒவ்வொரு முட்டையா எடுத்து வெளிச்சத்துல காட்டிக் காட்டி வெச்சா. ஒண்ணு கூட உடையல. இரநூத்திப்பத்தும் முழுசு.

லேபுக்கு ஓடி வந்தா, புள்ள இடுப்புல குலுங்கக் குலுங்க. "அக்கா, அன்னைக்கு அட்டைய நான் எப்படிக் குடுத்தேன்?"

"கட்டாத்தான் குடுத்தே."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகித்தானே குடுத்தேன்? காலி அட்டைன்னா எங்க கை தன்னால சொருகிரும் அக்கா, எடம் அடைக்கக் கூடாதுன்னு. முட்டை இருந்தாத்தான் ஒவ்வொரு அட்டையும் குறுக்க திருப்பி வெப்போம். காலி அட்டைய யாரும் குறுக்க வெச்சதே இல்ல. எங்கம்மாவும் வெச்சதில்ல, இந்தக் கொட்டாயில ஒருத்தியும் வெச்சதில்ல."

எனக்கு மண்டைல ஒறைச்சுது. சொருகி வெச்சா கட்டு மொத்தமும் சேந்து ஒரே பலகை, அதுக்கு நசுங்க எடமே இல்ல. குறுக்க திருப்பி வெச்சா ஒண்ணோட முனை இன்னொண்ணு முதுகுல நிக்கும், நடுவுல எல்லாம் காத்து. சும்மா நிக்கற பாரத்தைத் தாங்கும், விழுற பாரத்துக்கு ஒவ்வொண்ணா ஒடிஞ்சு குடுக்கும், ஒவ்வொண்ணும் ஒடியற நேரம் முட்டைக்குக் கெடைக்கற நேரம். நாங்க அத்தனை நாளும் உடையாத ஒண்ணைத் தேடிக்கிட்டு இருந்தோமுங்க. தேட வேண்டியது நமக்காக ஒடிஞ்சு போற ஒண்ணை. பன்னெண்டு காலி அட்டைய முட்டை இருக்கற மாதிரியே நெனச்சுக் குறுக்கயும் நெடுக்கயும் அடுக்கினா கோகிலா, நான் முட்டையத் தள்ளினேன், பொறபொறன்னு நாலு அட்டை இறங்குச்சு, முட்டை அதுல போய் உக்காந்துச்சு. எடுத்து ஆட்டிப் பாத்தேன். உடையல. நான் அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன், வெக்கமென்ன, ஓன்னுதான் அழுதேன்.

அப்பறம் ஊரு எறங்குச்சு பாருங்க வேலையில! பண்ணைக் கொட்டாய்த் தரை மொத்தத்தையும் காலி பண்ணினோம். வீட்டு வீட்டுக்கு அட்டை வந்துச்சு, பரண்ல கெடந்தது, விதை நெலக்கடலை வெச்சிருந்தது, ஒருத்தரு பேத்தி கலர் அடிச்சுச் செவுத்துல மாட்டியிருந்தது உட்பட. பதினாலு பொம்பளைங்களும் அடுக்கினாங்க. மொத நாள் பாதிக்குப் பாதி அவங்க கை சொருகிருச்சு, பாட்டு நின்னுரும், "ஏய் ராசாமணி, உங்கையைப் பாரு"ன்னு ஒருத்தி கத்துவா, பிரிச்சு மறுபடி அடுக்குவாங்க. முணுமுணுத்துக்கிட்டே அடுக்கினாங்க, "முட்டை இருக்குது, முட்டை இருக்குது"ன்னு, இல்லாத முட்டைய ஒவ்வொரு குழியிலயும் நெனச்சுக்கிட்டு. மூணாவது நாள் கை மாறிருச்சு. அடுக்கு மேல அடுக்கா பன்னெண்டு, அது மேல எல்லா வீட்டுப் பவானி ஜமக்காளத்தையும் தையல் போட்டு ஒண்ணாக்கி விரிச்சோம். இது தேறுச்சுன்னா கைப்புள்ள இருக்கற வீட்டுக்கெல்லாம் இதே மாதிரி அடுக்கிக் குடுக்கறதுன்னு பேச்சு. மிஞ்சின அட்டைய வாசல்ல, லாரி நிக்கற எடத்துல, ஓரமா அடுக்கி வெச்சாங்க.

தை ஒண்ணாந்தேதி பொங்கல் வெச்சோம். பூபதி சொன்ன சொல் தவறாம வண்டியக் கொண்டாந்துட்டான். கட்டிலு, பீரோ, தண்ணிக்கொடம், எல்லாம் ஏத்திக் கயிறு போட்டுக் கட்டி, கொட்டாய் வாசல்ல நிறுத்திட்டு டிரைவர் சீட்டுலயே உக்காந்துட்டான். "உள்ள வாங்க மாமா"ன்னு கோகிலா கூப்பிட்டா. "எம்புள்ள விழுறத என்னால பாக்க முடியாது"ன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டான். கோவமில்லீங்க அது, பயம்.

உள்ள ஊரே செவுத்தோரமா நின்னுச்சு. மொதல்ல ஆரு விழுறதுன்னு பேச்சு வந்துச்சு. புள்ளைய விடறதுக்கு முன்ன ஒரு பெரிய ஆளு விழுந்து பாக்கணுமல்ல? பஞ்சாயத்துத் தலைவரு மேல்துண்டைச் சரி பண்ணிக்கிட்டு ஒதுங்கிட்டாரு. நான் போனேன். எழுவத்திரெண்டு கிலோ. ஜமக்காளத்து நடுவுல போய் நின்னு, மாரியாத்தாளைக் கூப்பிட்டு, கண்ண மூடிக்கிட்டு மல்லாக்க விழுந்தேன். காதுக்குள்ள பொறபொறன்னு ஒரு சத்தம், அப்பறம் ஒண்ணுமில்ல. கண்ணத் தொறந்தா ஒரு பள்ளத்துக்குள்ள கெடக்கறேன், வலியும் இல்ல, ஒரு வளையல் கூட உடையல. ராசாமணியும் இன்னொருத்தியும் என்னைத் தூக்கி விட்டுட்டு, ஜமக்காளத்து ஓரத்தைச் சுருட்டி, நசுங்குன அட்டைய எடுத்துப்போட்டுப் புது அட்டை அடுக்கினாங்க.

கோகிலா சேலை முடிச்சை அவுத்தா. நாலு மாசமா இறுகிப்போன முடிச்சு, அவளுக்கு அவுக்க வரல, நான்தான் அவுத்து விட்டேன். செவ்வந்தியக் கீழ நிக்க வெச்சா. புள்ள காலைப் பாத்துச்சு. ஜமக்காளத்தைப் பாத்துச்சு. அம்மா கைய விட்டுச்சு. ஒரு அடி. இன்னொரு அடி. மூணாவது அடி வெச்சுக் கைய ரெண்டையும் மேல தூக்கினா, என்னைப் பாருங்கன்ற மாதிரி, நாலாவது அடில காலு பின்னிச்சு, முன்னால கவுந்தா.

பொறபொறன்னு சத்தம். ஜமக்காளம் குழியாச்சு. குழிக்குள்ளருந்து ஒரு சத்தமும் இல்ல.

அப்பறம் ஒரு தலை மேல வந்துச்சுங்க. மூக்குல அட்டைத் தூளு. சுத்தி நிக்கற எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்துச்சு, குழிய ரெண்டு கையாலயும் பட்டுப்பட்டுன்னு அடிச்சுச்சு, சிரிச்சுச்சு, குண்டி தூக்கி, கைய ஊணித் தானா எந்திரிச்சு நின்னுச்சு.

"விழுந்துட்டா!" கோகிலா கத்தினா. அவ கத்தினது அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். "எம்புள்ள விழுந்துட்டாளுங்க! விழுந்துட்டா, விழுந்துட்டா!" பதினாலு பேரும் குலவை போட்டாங்க, ஊரே விழுந்துட்டா விழுந்துட்டான்னு குதூகலமாக் கத்துச்சு. எந்த ஊர்லயாவது தாயி அப்படி ஒரு பெருமையோட அந்த வார்த்தையச் சொல்லியிருப்பாளா? நெஞ்சைத் தட்டிக்கிட்டுச் சொன்னா.

வெளிய பூபதிக்குக் கேட்டது அந்த ஒரு சொல்லுதான். புதூர்க்காரன் நாலு மாசமாக் கனவுல கூடச் செய்யாத காரியத்தைச் செஞ்சுட்டான். கயிறும் புடிக்கல, படியும் மிதிக்கல, லாரிக் கதவைத் தொறந்து "ஐயோ எம்புள்ள"ன்னு அப்படியே குதிச்சுட்டான். பனை உசரம். நாங்க வாசலுக்கு ஓடி வர்றப்போ அவனைக் காணோம். லாரியோரமா அடுக்கி வெச்சிருந்த மிச்ச அட்டைக் குவியல்ல ஒரு பெரிய ஓட்டை, அதுக்குள்ள நெஞ்சு வரைக்கும் பொதைஞ்சு நின்னுக்கிட்டிருந்தான், தலையெல்லாம் தூளு, ஒரு நகம் கூடப் பேரல. மிச்ச அட்டைதானேன்னு அவளுக சொருகி வெக்கல. கை மாறிப்போச்சுன்னு சொன்னேன்ல.

"புள்ள எங்க?"ன்னான்.

செவ்வந்தி வாசல்படிக்கிட்ட ஜமக்காளத்து மேல, அம்மா விரலைக் கூடப் புடிக்காம, தனியா நின்னு அப்பனைப் பாத்துக்கிட்டிருந்தா. அவன் அட்டைக்குள்ள நின்ன வாக்குலயே மொகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். கோகிலா ஒரு நிமிசம் அவனைப் பாத்தா, அப்பறம் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு பதினாலு பேத்துப் பக்கம் திரும்பினா.

"அப்பனும் புள்ளையும் விழுந்தாச்சு. வண்டில இருக்கற சாமானெல்லாம் எறக்குங்கடி"ன்னா. "பாத்து எறக்குங்க, எதையும் கீழ போட்டுறாதீங்க."